டிராக்டரின் மூக்கு ஏன் மேலே எழும்புகிறது?

பி.காம். படிக்கிறவனுக்கு டிராக்டரைப் பற்றி எழுத என்ன தகுதி என்று வகுப்பு நண்பர்கள் கேட்கலாம். தகுதி ஒன்றும் இல்லை. ஒரு நாள் பயந்து போனேன், அதனால் தேடிப் படித்தேன். அவ்வளவுதான்.

மேலூர் பக்கம் எங்கள் சித்தப்பா வயலில் தொளி உழவு நடந்தபோது டிராக்டர் சேற்றில் புதைந்துவிட்டது. அதை இழுக்க இன்னொரு டிராக்டர் வந்தது. வந்த வண்டியின் பின்னால், சீட்டுக்குக் கீழே, கைக்கு எட்டிய இடத்தில் ஒருவர் சங்கிலியை மாட்டினார். டிரைவர் கிளட்சை விட்டதும் வண்டி நகரவில்லை. முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. அவர் சட்டென்று கிளட்சை மிதிக்க, முன்பக்கம் தொம்மென்று கீழே விழுந்தது. எல்லோரும் சிரித்தோம். டிரைவர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி வந்து சங்கிலியைக் கழற்றி, அச்சுக்குக் கீழே இருக்கும் இழுவைக் கம்பியில் மாட்டினார். "மேல மாட்டுனா வண்டி மல்லாந்துரும்டா" என்றார்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் நூறு வருட வரலாறு இருக்கிறது.

டிராக்டரின் இன்ஜின் பின் அச்சைச் சுழற்றுகிறது. சுமை பிடித்துக்கொண்டு சக்கரம் உருள முடியாமல் போனால், அதே விசை வண்டியின் உடம்பை அச்சைச் சுற்றி மேலே தூக்கும். சங்கிலி அச்சுக்கு மேலே இருந்தால் தூக்குவது இன்னும் சுலபம். வண்டி முழுதாக மல்லாக்க ஒன்றரை வினாடி போதும். டிரைவர் யோசித்து முடிப்பதற்குள் கதை முடிந்துவிடும்.

1917ல் ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர் உற்பத்திக்கு வந்தது. விலை மலிவு, எடையும் குறைவு. மாட்டுக்குப் பின்னால் கட்டுவது போலவே கலப்பையை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்தார்கள். மாடு கல்லில் கலப்பை மாட்டினால் நின்றுவிடும். இன்ஜினுக்கு நிற்கத் தெரியாது. இப்படி மல்லாந்த வண்டிகளுக்கு அடியில் பல விவசாயிகள் செத்துப்போனார்கள்.

அயர்லாந்தில் ஒரு விவசாயியின் மகனான ஹாரி ஃபெர்குசன் இதற்கு வழி தேடினார். இவர் 1909ல் தானே கட்டிய விமானத்தில் பறந்தவர். கலப்பையைக் கட்டி இழுக்காமல் கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று புள்ளிகளில் வண்டியோடு சேர்த்துப் பிணைத்தார். ஹைட்ராலிக் மூலம் அதைத் தூக்கவும் இறக்கவும் வைத்தார். கலப்பை கல்லில் மாட்டினால், மேலே இருக்கும் 'டாப் லிங்க்' கம்பி வண்டியை முன்பக்கமாகத் தள்ளி மூக்கைக் கீழே அழுத்தும்.

வணிகவியல் நண்பர்கள் கவனிக்கவும்: 1938ல் ஃபோர்டும் ஃபெர்குசனும் எழுத்தில் எதுவும் இல்லாமல் கை குலுக்கியே கூட்டு வைத்தார்கள். அடுத்த ஆண்டு டிராக்டர் வந்தது. பின்னால் கூட்டு முறிந்து வழக்கு நடந்து, 1952ல் 92.5 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனது. 1953ல் ஃபெர்குசன் நிறுவனம் மாஸி ஹாரிஸோடு இணைந்தது. அப்படிப் பிறந்த மாஸி ஃபெர்குசனின் கூட்டுறவோடுதான் 1960ல் சென்னையில் டாஃபே தொடங்கியது. அந்த நிறுவனம் பின்னர் மதுரைப் பக்கமும் ஆலை வைத்தது. இன்று எந்தக் கம்பெனி டிராக்டரை எடுத்தாலும் பின்னால் இருப்பது அதே மூன்று புள்ளிதான்.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் வயலில் சங்கிலி மாட்டிய இடம் அதே டாப் லிங்க் மாட்டும் இடம்! உயிரைக் காக்க வைத்த இடத்தையே நாங்கள் ஆபத்தான கொக்கியாக்கிவிட்டோம்.

வண்டியின் மற்ற பாகங்களும் இப்படித்தான். பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு ஒன்பது. வேட்டி நுனியோ முந்தானையோ சிக்கினால் கையை இழுக்க நேரம் கிடையாது. அதற்குத்தான் மேலே மூடி. இடது, வலது சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக் இருப்பது வயலில் திரும்புவதற்கு. ரோட்டில் டிரெய்லரோடு போகும்போது இரண்டு பெடலையும் கொக்கி போட்டு இணைக்காவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக் கவிழலாம். நிறுத்தும்போது கலப்பையைத் தரையில் இறக்கிவிட்டுச் சாவியை எடுத்துவிட வேண்டும். தூக்கியபடி விட்டால், ஒரு குழந்தை லீவரைத் தொட்டாலே போதும்.

ஸ்வீடன் 1959லேயே புது டிராக்டர்களில் டிரைவரைக் காக்கும் இரும்புக் கூடு கட்டாயம் என்று சட்டம் போட்டது. அங்கே கவிழ்ந்து சாவது பிறகு வெகுவாகக் குறைந்தது. எங்கள் ஊர் வண்டிகளில் அந்தக் கூட்டை நான் பார்த்ததில்லை. வெயிலுக்குத் தகரக் கூரை மட்டும் இருக்கிறது. மூடியும் கொக்கியும் வண்டியோடு வந்தவைதான், இடைஞ்சல் என்று நாமே கழற்றி மூலையில் போடுகிறோம்.

போன வாரம் அந்த டிரைவர் அண்ணனிடம், சங்கிலி விஷயம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். அவருடைய மாமா அப்படி மல்லாந்த வண்டிக்கு அடியில் போனவராம். அப்போது இவருக்குப் பதினாலு வயது.

ஒவ்வொருவரும் இப்படித்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா? உங்கள் வீட்டில் டிராக்டர் இருந்தால் ஒரு தடவை பின்பக்கம் போய்ப் பாருங்கள். பி.டி.ஓ. மூடி இருக்கிறதா, பிரேக் கொக்கி இருக்கிறதா என்று. இல்லையென்றால் மூலையில் கிடக்கும், தேடி மாட்டுங்கள்.