முக்கோண மலையும் சையத் அகமது ஜமாலும்



காட்சிக்கலைப் பாடத்தில் "இயற்கைக் காட்சி வரைக" என்றால் போதும். இரண்டு முக்கோண மலைகள், நடுவே எழும் கதிரவன், வளைந்தோடும் ஆறு என எல்லாத் தாள்களும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் என் மேசைக்கு வந்து சேரும். எங்கள் பள்ளித் திடலில் நின்றாலே குனோங் லேடாங் தெரியும். 1,276 மீட்டர் உயரமுள்ள அம்மலை முக்கோணமன்று. நீண்டு கிடக்கும் முதுகுடையது. அதைப் பார்த்து வரைந்தவர் அரிது. ஒருமுறை ஒரு மாணவன் மட்டும் தாள் முழுவதும் சாம்பல் நிறத்தைத் தேய்த்துக் கொண்டுவந்தான்.

"மலை எங்கே?" என்றேன்.

"பனி மூடியிருக்கு, சார்."

வேறு தாளில் திருத்தி வரையச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

சையத் அகமது ஜமாலின் ஓவியங்களை அறிந்த பின்னரே அது என் நெஞ்சை உறுத்தத் தொடங்கியது. 1929-இல் மூவாரில் பிறந்த அவர், 1950களில் இலண்டன் செல்சி கலைப்பள்ளியில் பயின்றவர். அக்கால மலாயாவில் நிலக்காட்சி என்றால் பெரும்பாலும் தென்னை, படகு, கம்பத்து வீடு ஆகியவற்றைக் காட்டும் நீர்வண்ண ஓவியமே. பினாங்கின் யோங் முன் சென் அதில் பெரும்புகழ் பெற்றவர். தாயகம் திரும்பிய ஜமாலோ, தூரிகையின் வேகத்தையே ஓவியமாக்கினார். 1959-இல் வரைந்த 'உம்பான்' (தூண்டில் இரை) அவ்வகையில் பெயர் பெற்றது. அவரும் நம் இனம்தான். கோலாலம்பூர் சிறப்பாசிரியர் பயிற்சிக் கழகத்தின் முதல்வராக இருந்தவர்!

1970களில் அவர் குனோங் லேடாங்கை வரையலானார். வியப்பு என்னவெனில், அவர் வரைந்ததும் முக்கோணமே! ஆனால் அதில் மரமில்லை, அருவியில்லை. வண்ணமும் உச்சியை நோக்கி எழும் வடிவமுமே உண்டு. மலாக்கா சுல்தான் மகமூது அம்மலை இளவரசியை மணக்க விரும்பியதையும், அவள் பொற்பாலமும் ஏழு தட்டுக் கொசு இதயங்களும் இளவரசனின் குருதியும் கேட்டதையும் 'செஜாரா மெலாயு' கூறும். எட்ட முடியாத அந்த உயரத்தைத்தான் அவர் வரைந்தார் என்பது என் துணிபு. நம் பிள்ளைகளின் முக்கோணம் பக்கத்து மேசையிலிருந்து வருகிறது; அவருடையது மலையை நெடுங்காலம் நோக்கியதிலிருந்து வந்தது.

அவர் மட்டுமல்லர். 1960 முதல் 1964 வரை பெர்லினில் பயின்ற லத்திப் மொகிடின், கோபுரமும் வெப்பமண்டலச் செடியும் ஒன்றாய் முளைத்தாற்போன்ற 'பாகோ-பாகோ' வரிசையைப் படைத்தார். 2018-இல் பாரிசின் பொம்பிடு மையம் அதனைக் காட்சிக்கு வைத்தது.

ஜமாலுக்கு 1995-இல் தேசிய ஓவியர் விருது கிட்டியது. 2011-இல் மறைந்தார். தலைநகரின் நடுவே 1986-இல் எழுந்த அவரது 'புஞ்சாக் பூர்ணாமா' என்னும் சிகரச் சிற்பத்தை 2016-இல் இடித்துவிட்டனர். கலைஞர்கள் கொதித்தனர். செய்தியைப் படித்து நானும் வருந்தினேன். வருந்தும்போதே அந்தச் சாம்பல் நிறத் தாள் நினைவுக்கு வந்தது. அதை அவனிடமிருந்து வாங்கி வைத்திருக்கலாம். அவன் திருத்தி வரைந்து தந்த இரண்டு முக்கோணங்களுக்கு நான் முழுப் புள்ளிகள் வழங்கியிருந்தேன்.