ஐஸ் ஹவுஸும் கார் ஷெட் மாடி அறையும்

"சார், ரொம்ப நாளா ஒண்ணும் எழுதலையே" என்று இருவர் கேட்டுவிட்டார்கள். மேஸ்திரி வேலை நடந்தது. அதையொட்டி ஒரு பழைய வரலாறு.

சென்னை மெரினா எதிரே விவேகானந்தர் இல்லத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சுற்றுலா அழைத்துப் போனபோது வாசலில் நின்று, "இது ஐஸ் வைத்த வீடு" என்று நான் சொன்னதும் நீங்கள் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அது உண்மைதான். 1842 வாக்கில் கட்டியவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர வியாபாரி பிரெடரிக் டியூடர். குளிர்காலத்தில் அங்கே ஏரிகள் உறைந்துவிடும். அந்தப் பனியைக் கட்டிகளாக அறுத்துக் கப்பலேற்றி விற்றார். ஊரே அவரைப் பைத்தியம் என்றது.

1833இல் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. ஆப்பிரிக்காவைச் சுற்றி நாலு மாதப் பயணம், பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது! பிறகு பம்பாய், மதராஸ். அப்போது நமக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் நிற்கும், சரக்கு மசூலாப் படகில் அலை தாண்டிக் கரைக்கு வரும். கரையை ஒட்டியே கிடங்கு. தோரோ என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் வீட்டருகே வால்டன் குளத்தில் ஐஸ் வெட்டுவதைப் பார்த்து, மதராஸ்காரர்களும் இதைக் குடிப்பார்கள் என்று 1854இல் வந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

அத்தனை தூரம் உருகாமல் வந்தது எப்படி? மரத்தூள். அங்குள்ள மர ஆலைகளில் வீணாய்க் குவிந்து கிடந்த தூள்தான். அதற்குக் குளிர்ச்சி தரும் சக்தி எதுவும் இல்லை. தூளுக்கு நடுவே அசையாமல் அடைபட்ட காற்று இருக்கிறது, அது வெளிச்சூட்டை உள்ளே விடாது. என் சிறுவயதில் பழவேற்காட்டில் ஐஸ் பாருக்கு மரத்தூள் போட்டுச் சாக்கு போர்த்தியதும் இதே கணக்குதான். 1870களில் மதராஸிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் டியூடர் கம்பெனி வியாபாரம் படுத்தது. வக்கீல் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கி, ஜன்னலும் வராந்தாவும் வைத்து மனிதர் வாழும் வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியது அங்கேதான்.

இத்தனையும் வகுப்பில் சொன்ன வாத்தியார் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? எங்கள் கார் ஷெட் மேலே ஓர் அறை. நாலரை அங்குலச் சுவர், மேலே வெறும் கான்கிரீட் தளம். சுருக்கியும் போடவில்லை, தட்டோடும் பதிக்கவில்லை. சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒடிசா பையன்கள் இருவருக்கு மாதம் நாலாயிரத்துக்கு விட்டிருந்தேன். நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்க வேண்டியவர்கள். போன கத்திரியில் ஒரு மத்தியானம் வண்டி எடுக்கப் போனால், சின்னவன் ஷெட்டுக்குள் என் கார் டயருக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் படுத்திருக்கிறான். இன்னும் ஓரடி உள்ளே தள்ளிப் படுத்திருந்தால் கவனிக்காமல் ரிவர்ஸ் எடுத்திருப்பேன். நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. "மேலே படுக்க முடியல மாஸ்டர்ஜி" என்றான். வெயில் தாங்காமல் ஒரு மாதமாகவே அங்கேதான் தூங்கியிருக்கிறார்கள். நான் வாடகையைச் சரியாக ஒன்றாம் தேதி வாங்கிக்கொண்டிருந்தேன்.

மாடி ஏறித் தளத்தைத் தொட்டேன், கை சுட்டது. கான்கிரீட் பகலெல்லாம் சூட்டைக் குடித்து ராத்திரி உள்ளே கக்கும். ஃபேன் போட்டால் அந்த அனலைத்தான் சுற்றும்.

பழைய மதராஸ் வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். உள்ளே போனால் அப்படி ஒரு குளுமை. அதையே போடச் சொன்னேன். ஷெட் தூண்கள் அவ்வளவு பாரம் தாங்காது என்று மேஸ்திரி தலையாட்டிவிட்டார். கடைசியில் மேலே வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு, கீழே கொஞ்சம் இடைவெளி விட்டுத் தெர்மாகோல் வைத்த சீலிங். தெர்மாகோலும் அடைபட்ட காற்றுதான், டியூடரின் மரத்தூளுக்குத் தம்பி முறை. மேற்குச் சுவருக்குப் பந்தல் போட்டுக் கோவைக்கொடி ஏற்றியிருக்கிறேன், பிடிக்க நாளாகும். அந்த மாத வாடகையைத் திருப்பிக் கொடுத்தேன். பெரியவன் வாங்க மாட்டேன் என்றான், என் மனைவிதான் அதட்டிச் சட்டைப் பையில் வைத்தாள்.

நேற்று மத்தியானம் இரண்டு மணிக்கு மோர் எடுத்துக்கொண்டு மேலே போனேன். கதவு சாத்தியிருந்தது, உள்ளே குறட்டைச் சத்தம். தட்டாமல் இறங்கி வந்துவிட்டேன்.