தெருவைத் திறந்தவர்களும் நம் ஏழு படிகளும்

1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசனார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றுக்கு எவ்வகுப்பினரும் தடையின்றிச் செல்லலாம் என்பது அதன் பொருள். அவர் நம் செங்கற்பட்டுச் சீமையில், கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்தவரே சபையில் எழுந்து நின்று வழியைக் கேட்டுப் பெற்றார். பிறர் இரங்கிக் கொடுத்த வழியன்று அது.

பள்ளியில் கோணிப்பை மீது தனியே அமர்த்தப்பட்ட அண்ணல் அம்பேத்கர், தாமே கல்லூரி நிறுவும் நாள் வந்தபோது செய்ததையும் நினைக்க வேண்டும். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை அமைத்தார். மறு ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறக்கப்பட்டது. வேலை பார்த்துப் பிழைக்கும் இளைஞரும் படிக்கும்பொருட்டு அங்கே காலை வேளையில் வகுப்புகள் நடந்தன. கல்லூரிக் கதவின் அகலம் மட்டும் போதாது, அது திறக்கும் நேரமும் முக்கியம் என்பதை அவர் அறிந்திருந்தார். ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஷிப்டு முறையில் உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கடல் கடந்த செய்தி ஒன்றும் உண்டு. 1948இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம், கேல்ஸ்பர்க் என்னும் ஊரிலிருந்த தன் கிளையில், சக்கர நாற்காலியில் வரும் மாணவர்க்கெனத் திமோதி நியூஜென்ட் என்பாரின் பொறுப்பில் ஒரு திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டே அக்கிளையை மூட முடிவாயிற்று. மாணவர்கள் வாளாவிருக்கவில்லை. மாநிலத் தலைநகர் சென்று முறையிட்டனர். தலைமை வளாகத்திற்கும் சென்று, தங்களால் அங்கே படிக்க முடியும் என்று காட்டப் போராடினர். தயங்கித் தயங்கித்தான் இடம் கிடைத்தது. பின்னர் அவ்வளாகத்தில் நடந்த ஆய்வுகளிலிருந்தே 1961இல் அந்நாட்டின் முதல் தடையில்லாக் கட்டட அளவுகள் பிறந்தன. ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளமேனும் சாய்தளம் வேண்டும் என்னும் கணக்கு அவற்றுள் ஒன்று. ஆய்வுக்குக் களமான வளாகத்தில் அம்மாணவர்களின் சக்கரங்கள் நாள்தோறும் உருண்டன என்பதை மறத்தலாகாது.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கல்வி நிலையங்களின் கட்டடமும் வளாகமும் அவர்கள் எளிதில் அணுகத்தக்கனவாய் இருக்க வேண்டும் என்கிறது. அரசு உயர்கல்வி நிலையங்களில் நூற்றுக்கு ஐந்து இடங்களையேனும் ஒதுக்குகிறது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், வெறும் பரிந்துரைகள் போதா, கட்டாய விதிகள் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவற்றை வகுக்கும்போது உரியவர்களைக் கலந்துகொள்ளவும் பணித்தது.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். திருப்பெரும்புதூரைச் சுற்றி ஆலைகளும் கல்லூரிகளும் பெருகியுள்ளன. வேலை முடிந்து திரும்புகையில் சாலை விபத்தில் ஒரு காலை இழந்த நம் பழைய மாணவர் ஒருவர் பட்டப்படிப்பில் சேர்ந்தார். வகுப்பு இரண்டாம் மாடியில். கழிவறை கீழே. பகல் முழுதும் தண்ணீர் குடியாமல் இருந்து பழகினாராம். ஆறு மாதத்தில் நின்றுவிட்டார். படிப்பு வரவில்லை என்றே ஊரில் பேசிக்கொண்டனர். நாமும் அதை நம்பினோம். தலைமையாசிரியராயிருந்தும் அவரிடம் நேரில் கேட்கத் தோன்றவில்லை.

பிறரைக் குறை கூறும் தகுதி நமக்கு உண்டா? நம் சங்கத்துப் படிப்பகத்திற்கு ஏழு படிகள். ஒவ்வொன்றும் ஆறங்குலம். ஏரி நிரம்பினால் தெருவில் நீர் வரும் என்பது ஒரு காரணம். நம் கட்டடம் பிறர் கட்டடத்திற்குத் தாழ்ந்து நிற்கக்கூடாது என்னும் வீம்பு மறு காரணம். திண்ணைக்குக் கீழே நிறுத்தப்பட்டவர் மரபில் வந்தவர்க்கு உயர்ந்த கடைக்கால் மீது ஆசை இருப்பது இயல்பே. அக்கூட்டத்தில் உரக்கப் பேசியவர்களுள் நாமும் ஒருவர். அந்த மாணவர் இப்போது கீழே நின்று செய்தித்தாளைக் கேட்டு வாங்கிப் படிக்கிறார்.

மூன்றரை அடி உயரத்திற்கு நாற்பத்திரண்டு அடிச் சாய்தளம் வேண்டும். இடையில் நின்று செல்லத் தளமும் வேண்டும். முன்புறத்தில் இருப்பதோ இருபதடி. சென்ற ஆண்டு கொத்தனாரைக் கொண்டு பத்தடியில் ஒன்று போட்டோம். அதில் ஏற முயன்ற அம்மாணவர் பாதியில் திரும்பிவிட்டார். இன்று அது சைக்கிள் ஏற்றவே பயன்படுகிறது. யாரையும் கேளாமல் நாம் செய்த இரண்டாவது வேலை அது.

வெள்ளிவிழா நினைவாகப் பின்மனையில் மாணவியர் விடுதியும் படிப்புக்கூடமும் எழுப்பக் கருதியுள்ளோம். வரைபடம் செயலாளரிடம் இருக்கிறது. இன்னும் கையொப்பம் இடப்படவில்லை. வரும் ஞாயிறு காலை மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அறைகளையும் வாயிலையும் கழிவறையையும் குறிக்கவிருக்கிறோம். அந்த மாணவர் வர இசைந்துள்ளார். இரவு ஷிப்டு முடித்து வரும் பெண்கள் இருவர், எட்டு மணிக்கு மேல் தொடங்கினால் வருவதாகச் சொல்லியுள்ளனர். ஆதலின் எட்டரைக்கே கூடுகிறோம். கோடுகளை அழித்துப் போடத் துடைப்பமும் ஒரு வாளி நீரும் கொண்டுவரும் பொறுப்பை நாம் ஏற்றுள்ளோம்.