தூரத்துக்கு ஓர் எடை

வீடு பழசாக ஆக விலை கூடுமா, குறையுமா? லண்டன் போன்ற நகரத்தில் இதற்கு ஒரே பதில் கிடையாது. பழமையைக் கொண்டாடும் தெருவில் நூறு வருட வீட்டுக்குக் கிராக்கி அதிகம். கவனிப்பாரற்ற இன்னொரு பகுதியில் அதே நூறு வருடம் விலையைக் கீழே இழுக்கும். நகரம் முழுவதன் விவரங்களையும் ஒரே சமன்பாட்டில் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். வயதுக்கான கெழு, அதாவது வயது விலையை எவ்வளவு மாற்றுகிறது என்று சொல்லும் எண், பூஜ்யத்தின் பக்கத்தில் வந்து நின்றுவிடலாம். கணக்கில் பிழை இருக்காது. ஆனால் அந்தப் பூஜ்யம் நகரின் எந்தத் தெருவையும் பற்றிப் பேசவில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் புவியியல் எடையிட்ட தொடர்புப் போக்கு. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஜிடபிள்யூஆர் என்பார்கள். புள்ளியியலில் எனக்கு மிகவும் பிடித்த முறைகளில் இது ஒன்று. ஒரு விதியைக் கண்டதும், "எந்த இடத்தில்?" என்று கேட்கத் தெரிந்த முறை.

இதன் மூதாதை வானத்திலிருந்து இறங்கியது. 1805இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தர், பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி அந்தத் தொகையை மிகக் குறைவாக்கும் மீச்சிறு வர்க்க முறையை வெளியிட்டது, வால்மீன்களின் பாதையைக் கணக்கிடும் நூல் ஒன்றின் பின்னிணைப்பாக. வால்மீனுக்கு ஊர் கிடையாது. எங்கே போனாலும் அதற்கு ஈர்ப்பு விதி ஒன்றுதான். ஆகவே எல்லா அளவீடுகளையும் ஒன்றாகக் கொட்டி, ஒரே கெழுவைத் தேடுவது அங்கே நியாயம். பிறகு இதே முறை மனிதர்களிடமும் ஊர்களிடமும் வந்தது. விதி எங்கும் ஒன்றே என்ற நம்பிக்கையும் சொல்லாமல் கூடவே வந்துவிட்டது. அதை யாரும் கேள்வி கேட்காமல் வெகுகாலம் ஓடியது என்பதுதான் எனக்கு வியப்பு.

1970இல் மிச்சிகனைச் சேர்ந்த புவியியலாளர் வால்டோ டோப்ளர், டெட்ராய்ட் பகுதியின் மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கணினித் திரைப்படமாகக் காட்ட முயன்றபோது, எல்லாவற்றுக்கும் எல்லாவற்றோடும் தொடர்பு உண்டு, அருகில் உள்ளவற்றுக்கு அது அதிகம் என்ற பொருளில் ஒரு வாக்கியம் எழுதினார். புவியியலின் முதல் விதி என்று இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். 1972இல் எமிலியோ கசெட்டி இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார்: கெழுவே இடத்துக்கு இடம் மாறட்டும் என்றார். ஆனால் அது எந்த வடிவில் மாறும், வடக்கே போகப் போகக் கூடுமா, மையத்திலிருந்து விலக விலகக் குறையுமா என்பதை ஆய்வாளர் முன்கூட்டியே தீர்மானித்துச் சமன்பாட்டில் எழுதியாக வேண்டும். நிலம் தன் போக்கைத் தானே சொல்ல அங்கே வழியில்லை.

அந்த வழி புவியியலுக்கு வெளியே பிறந்தது. 1979இல் பெல் ஆய்வகத்தின் வில்லியம் கிளீவ்லண்ட், சிதறிக் கிடக்கும் புள்ளிகளின் ஊடே ஒரு வளைகோட்டை வரைய ஒரு வழி சொன்னார். ஒவ்வோர் இடத்திலும் பக்கத்துப் புள்ளிகளுக்கு அதிக எடை, விலகிய புள்ளிகளுக்குக் குறைந்த எடை தந்து, சின்னச் சின்னக் கோடுகளாகப் பொருத்திக்கொண்டே போவது. லோவெஸ் என்று பெயர். அவருடைய 'பக்கம்' வரைபடத்தாளின் கிடை அச்சில் இருந்தது. வருமானத்தைக் கிடை அச்சில் வைத்தால், ஏறக்குறைய ஒரே வருமானம் உள்ள இருவர் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள். ஒருவர் எந்த ஊர், மற்றவர் எந்த ஊர் என்பது கணக்கிலேயே வராது.

இந்த எடை வரைபடத்தாளை விட்டு நிலப்படத்தில் கால் வைத்தது 1996இல். அந்த ஆண்டு டேனியல் மெக்மில்லன் சிகாகோவின் நூற்றைம்பது ஆண்டு நிலவிலைகளை உள்ளூர் எடையிட்டு ஆராய்ந்தார். அதே ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசிலில் கிறிஸ் பிரன்ஸ்டன், ஸ்டூவர்ட் ஃபாதரிங்ஹாம், மார்ட்டின் சார்ல்டன் மூவரும் 'ஜியோகிராஃபிகல் அனாலிசிஸ்' இதழில் ஜிடபிள்யூஆர் என்று பெயரிட்டு முறையை முழுசாக வைத்தார்கள். எடுத்துக்கொண்ட உதாரணம் எளிமையானது. 1991 பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து கார் வைத்திருப்போர் விகிதம். அதற்கும் சமூக வர்க்கத்துக்கும், ஆண்களின் வேலையின்மைக்கும் என்ன தொடர்பு என்பது.

வேலை நடப்பது இப்படி. விளக்கைக் கையில் ஏந்தி ஊரைச் சுற்றிவரும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் இடத்தில் வெளிச்சம் முழுசாக விழும். தள்ளிப் போகப் போக மங்கும். ஒவ்வோர் இடத்திலும் நின்று, அந்த வெளிச்சத்தின் அளவுக்கு மட்டும் சுற்றுப்புறத்துக்கு மதிப்பளித்து, ஒரு தனிச் சமன்பாட்டை அவர் பொருத்துகிறார். வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்குப் பேண்ட்வித் என்று பெயர். மணி வடிவக் காஸ் வளைவின்படி அதை 5 கிலோமீட்டர் என்று வைத்தால், 5 கிலோமீட்டரில் எடை 0.61, 10இல் 0.14, 15இல் 0.01தான். நூறு இடத்தில் நின்றால் நூறு சமன்பாடு. ஒற்றை எண்ணாக இருந்த கெழு இப்போது நிலப்படத்தில் நிறங்களாக விரிகிறது.

முறையின் உயிர் அந்தப் பேண்ட்வித்தில்தான். மிகச் சிறிதாக வைத்தால் நாலைந்து இடங்களின் தற்செயல் ஏற்ற இறக்கமெல்லாம் விதிபோல் தோன்றும். மிகப் பெரிதாக வைத்தால் பழைய ஒற்றைச் சமன்பாட்டுக்கே திரும்பிவிடுவோம். ஒவ்வோர் இடத்தையும் கணக்கிலிருந்து விலக்கி, மற்றவற்றைக் கொண்டு அதைக் கணித்துப் பார்த்து, பிழை குறையும் அகலத்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. கிடைத்த வேறுபாடு நிஜமா என்று பார்க்க, 1996 கட்டுரையிலேயே ஒரு சோதனை இருந்தது: தரவுகளை இடம் மாற்றிக் குலுக்கிப் போட்டு, மறுபடி மறுபடி கணக்கிடுவது. குலுக்கிய பிறகும் அதே அளவு வேறுபாடு வருகிறதென்றால், இடத்துக்கு அதில் பங்கில்லை. தங்கள் கண்டுபிடிப்பைத் தாங்களே சந்தேகிக்கும் கருவியைக் கூடவே கொடுத்தது அந்த மூவரின் நேர்மை.

2002இல் மூவரின் நூல் வந்தது. பிறகு முறை அயர்லாந்தின் மேனூத்துக்குப் போய், அங்கே வரலாற்றையும் தொட்டது. 1841இல் சுமார் 82 லட்சமாக இருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை, உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பின் 1851இல் சுமார் 65 லட்சம். ஃபாதரிங்ஹாம், மேரி கெல்லி, சார்ல்டன் மூவரும் 2013இல் இந்தச் சரிவைச் சிறு நிர்வாகப் பிரிவுகள் வரை இறங்கி ஆராய்ந்தார்கள். தேசம் முழுவதற்கும் ஒரு காரணப் பட்டியல் எழுதுவதோடு நிற்காமல், எந்தக் காரணம் எந்தப் பகுதியில் எவ்வளவு கனத்தது என்று கேட்டார்கள். ஒரு பேரழிவில் செத்தவர்களுக்கு வரலாறு பட்டிருக்கும் கடன் இந்தக் கேள்வி என்றே நினைக்கிறேன்.

பலமான அடியும் விழுந்தது. 2005இல் டேவிட் வீலரும் மைக்கேல் டீஃபெல்ஸ்டார்ஃபும், உள்ளூர்க் கெழுக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளக்கூடும் என்று காட்டினார்கள். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்; அழகான நிறப்படம் வெறும் கணக்கின் நிழலாக இருக்கலாம். அவர்கள் எடுத்துக்கொண்டது சிறுநீர்ப்பை புற்றுநோய் மரணங்களை. இப்படிப்பட்ட ஆய்வில் ஓரிடத்தில் புகைபிடித்தலுக்கான கெழுவின் குறி மாறிவிட்டால், புகைபிடிப்பது அங்கே உயிரைக் காக்கிறது என்று படித்துவிடும் ஆபத்து உண்டு. மென்பொருளில் பொத்தானைத் தட்டினால் படம் வந்துவிடும் காலத்தில், இந்த எச்சரிக்கை முறைக்குத் தேவையான மருந்து.

இன்னொரு குறையை நிறுவியவர்களில் ஒருவரே சரிசெய்தார். பழைய முறையில் எல்லாக் காரணிகளுக்கும் ஒரே பேண்ட்வித். வீட்டின் பரப்பளவு விலையைப் பாதிப்பது நகரம் முழுக்க ஒரே மாதிரி இருக்கலாம். வயது பாதிப்பது தெருவுக்குத் தெரு மாறலாம். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் ஏன்? அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்த ஃபாதரிங்ஹாம், வென்பாய் யாங், வெய் காங் ஆகியோருடன் 2017இல் பல அளவு ஜிடபிள்யூஆரை வெளியிட்டார். காரணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மற்றவற்றை அப்படியே வைத்து, அதற்குரிய பேண்ட்வித்தைக் கண்டு, எண்கள் நிலைக்கும்வரை சுற்றிச் சுற்றி வருகிறது கணக்கு. எந்தக் காரணி மாநில அளவில் செயல்படுகிறது, எது பேட்டை அளவில் என்பதை இப்போது பேண்ட்வித்தே சொல்கிறது. 2020இல் அந்தப் பேண்ட்வித் எவ்வளவு உறுதியானது என்று அளக்கவும் வழி வகுக்கப்பட்டது. ஒற்றை எண்ணோடு, அது எதிலிருந்து எதுவரை இருக்கக்கூடும் என்ற வரம்பும் இன்று சேர்ந்தே கிடைக்கிறது.