செத்த காலேஜும் சிபாரிசுக் கடிதமும்

லண்டனின் பிரிட்டிஷ் மியூசியத்தில் நிரந்தரக் காட்சிகளைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. 1759இல் திறந்ததிலிருந்து, 1974இல் சில மாதங்கள் தவிர, அதுதான் வழக்கம். நானும் காசு கொடுக்காமல்தான் உள்ளே போனேன். ஆனால் அந்த இலவசம் எப்போதும் எல்லோருக்குமானதாக இருந்ததில்லை.

1914 மார்ச்சில், வாக்குரிமைப் போராளி மேரி ரிச்சர்ட்சன் அதே நகரத்தின் நேஷனல் கேலரியில் வெலாஸ்க்வெஸ் வரைந்த வீனஸ் ஓவியத்தை வெட்டுக்கத்தியால் கிழித்தார். கைதான எம்மலைன் பாங்க்ஹர்ஸ்டுக்காகச் செய்ததாகச் சொன்னார். அடுத்தடுத்த வாரங்களில் பிரிட்டிஷ் மியூசியத்திலும் கண்ணாடிகள் உடைந்தன. உடனே புது விதி வந்தது. ஆணோடு வரும் பெண்ணுக்கு அந்த ஆண் பொறுப்பேற்க வேண்டும். தனியாக வருபவள், தனக்கு உத்தரவாதம் தருபவரின் சிபாரிசுக் கடிதத்தைக் காட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கட்டணம் அப்போதும் இல்லை.

அங்கே நான் அதிக நேரம் நின்றது அமராவதிச் சிற்பங்களின் முன். 1859இல் சென்னையிலிருந்து கப்பலேறி, 1880இல் அந்த மியூசியம் சேர்ந்தவை. அமராவதித் தூபிக்குக் கொடை தந்தவர்களில் இல்லறப் பெண்களும் பிக்குணிகளும் உண்டு. அவர்கள் பெயர்கள் கல்லிலேயே இருக்கின்றன. அந்தக் கற்கள் இருந்த கட்டடத்துக்குள் நுழையத்தான் 1914இல் ஒரு பெண்ணுக்கு இன்னொருவரின் கையெழுத்து தேவைப்பட்டது.

கப்பலேறாத சிற்பங்கள் பல எழும்பூரில் இருக்கின்றன. 1851இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்துக்குச் சென்னை மக்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. எட்கர் தர்ஸ்டன் பொறுப்பிலிருந்த காலத்தில் கோஷா பெண்களுக்கென்று இங்கே தனி நேரம் ஒதுக்கினார்கள். சலுகைதான். மற்ற நேரமெல்லாம் யாருடையது என்பதையும் அதுவே சொல்லிவிட்டது. காணும் பொங்கலன்று கட்டுச்சோற்றோடு கூட்டங்கூட்டமாக வந்த பெண்கள், யாரும் ஒதுக்காமலே ஒரு நாளைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

வடபழனியில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் எழும்பூரில் இறங்கலாம். எங்கள் தெருவில் பல பெண்கள் இன்னும் அங்கே போனதில்லை. சீட்டுக் காசு அவர்களுக்குத் தடையில்லை. "யாரோட போறே? எதுக்கு? சமையல் யாரு பாப்பா?" என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் வாசல் தாண்ட வேண்டும். லண்டனில் அந்தக் கடிதத்தை எழுத்தில் கேட்டார்கள். இங்கே வாய்மொழியாகவே கேட்கிறார்கள், தினமும்.