மின்வில் பழுதுத் துண்டிப்பானின் வரலாறு

மின்வில் பழுதுத் துண்டிப்பான் என்பது கட்டடங்களின் மின்கம்பிகளில் உண்டாகும் ஆபத்தான மின்வில்லைக் கண்டறிந்து, தீப்பற்றும் முன் மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கருவியாகும். இது 1990களில் ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு உருவாக்கப்பட்டது.

பழைய பாதுகாப்பு முறைகள்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வீடுகளுக்கு மின்சாரம் வந்தபோது ஃபியூஸ் எனப்படும் உருகியே பாதுகாப்பாக இருந்தது. 1924இல் ஜெர்மனியின் ஹியூகோ ஸ்டோட்ஸ் நிறுவனம் சிறு சுற்று முறிப்பானுக்குக் காப்புரிமை பெற்றது. இவை இரண்டும் மின்னோட்டம் அளவுக்கு மீறினால் மட்டுமே செயல்படும். 1961இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் உருவாக்கிய கருவி, நிலத்துக்குக் கசியும் சிறு மின்னோட்டத்தையும் உணர்ந்து மின்னதிர்ச்சியிலிருந்து உயிரைக் காத்தது.

ஆனால் ஒரு குறை நீடித்தது. தளர்ந்த திருகிலோ அறுந்த கம்பியிலோ உண்டாகும் தொடர்நிலை மின்வில்லில் பாயும் மின்னோட்டம், அச்சுற்றிலுள்ள சாதனம் எடுக்கும் அளவைத் தாண்டாது. 8 ஆம்பியர் எடுக்கும் சூடேற்றியின் கம்பியில் மின்வில் தோன்றினால், 15 ஆம்பியர் முறிப்பான் அதை இயல்பான பயன்பாடாகவே கருதும். அதற்குள் பல ஆயிரம் பாகை வெப்பம் காப்புறையையும் அருகிலுள்ள மரத்தையும் எரிக்கத் தொடங்கிவிடும்.

உருவாக்கம்

அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்காக அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம் 1995இல் அளித்த ஆய்வறிக்கை, மின்வில்லைக் கண்டறியும் நுட்பத்தைத் தீர்வுகளுள் ஒன்றாக முன்வைத்தது. மின்னோட்டத்தின் அளவோடு அதன் அலைவடிவத்தையும் ஆராய்வதே இந்நுட்பத்தின் அடிப்படை. மின்வில் இருக்கும்போது, மின்னோட்டம் சுழியைக் கடக்கும் இடங்களில் அலை தட்டையாகும். உயர் அதிர்வெண் இரைச்சலும் கலக்கும். எனினும் தூசி உறிஞ்சியின் மோட்டாரிலும் சாதாரண சுவிட்சிலும் இயல்பாகவே தீப்பொறி தோன்றும். தீங்கற்ற பொறியையும் ஆபத்தான மின்வில்லையும் பிரித்தறிய நுண்செயலிகள் உதவின. இக்கருவிக்கான யூ.எல். 1699 தரநிலை 1999இல் வெளியானது.

சட்ட விதிகள்

அமெரிக்க தேசிய மின்விதித் தொகுப்பின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பு, புதிய வீடுகளின் படுக்கையறை மின்செருகிச் சுற்றுகளுக்கு இப்பாதுகாப்பை 2002 சனவரி 1 முதல் கட்டாயமாக்கியது. முதல் தலைமுறைக் கருவிகள் பெரும்பாலும் 75 ஆம்பியருக்கு மேற்பட்ட இணைநிலை மின்வில்லையே உணர்ந்தன. 5 ஆம்பியர் தொடர்நிலை மின்வில்லையும் உணரும் கூட்டுவகைக் கருவி 2008 முதல் கட்டாயமானது. வசிப்பறைகள் பலவும் 2008 பதிப்பிலும், சமையலறை, சலவையறை ஆகியவை 2014 பதிப்பிலும் சேர்க்கப்பட்டன.

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் ஐ.இ.சி. 62606 தரநிலையை 2013இல் வெளியிட்டது. பிரித்தானியாவில் 2022ஆம் ஆண்டுத் திருத்தம், உயரமான குடியிருப்புகள், மாணவர் விடுதிகள், பராமரிப்பு இல்லங்கள் போன்றவற்றில் மின்செருகிச் சுற்றுகளுக்கு இக்கருவியைக் கட்டாயமாக்கியது.

விமர்சனங்களும் வரம்புகளும்

கூடுதல் விலையும் காரணமின்றி மின்சாரம் துண்டிக்கப்படுவதும் கட்டுமானத் துறையினரின் எதிர்ப்புக்குக் காரணமாயின. சில அமெரிக்க மாநிலங்கள் இவ்விதியைத் தளர்த்தின. புதிய கட்டடங்களை முன்னிட்டே விதிகள் எழுதப்பட்டதால், காப்புறை நைந்த பழைய வீடுகள் பல இப்பாதுகாப்புக்கு வெளியிலேயே உள்ளன. மேலும், மின்வில் தோன்றாமலே கனன்று சூடாகும் தளர்ந்த இணைப்பை இக்கருவி நேரடியாக உணராது. எனவே இணைப்புகளை இறுக்கமாக அமைப்பதும் காலமுறைச் சோதனையும் இக்கருவி உள்ள வீடுகளிலும் தேவைப்படுகின்றன.