பயறு வகைகளில் விதையுறை உறக்கம்

பயறு வகைகளில் விதையுறை உறக்கம் என்பது, உயிருள்ள ஒரு விதைக்கு ஈரம், வெப்பம், காற்று ஆகிய மூன்றும் கிடைத்தும், அதன் உறை நீரை உள்ளே விடாத காரணத்தால் முளைக்காமல் இருக்கும் நிலையாகும். இத்தகைய விதைகள் *கடின விதைகள்* எனப்படுகின்றன. ஊற வைத்த பயற்றில் மற்றவை பருத்த பின்னும் ஒரு சில மட்டும் கல்லைப் போலக் கிடப்பது இதற்கு எளிய எடுத்துக்காட்டாகும். பூக்கும் தாவரங்களில் பதினைந்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் இந்நிலை காணப்படுகிறது. அவற்றுள் அவரைக் குடும்பம் முதன்மையானது.

காட்டுச் செடிக்கு இவ்வுறக்கம் ஒரு காப்பு. எல்லா விதைகளும் ஒரே மழையில் முளைத்துப் பின்னர் வறட்சியில் ஒருசேர அழிவதை இது தடுக்கிறது. மழையை நம்பி விதைக்கும் உழவருக்கோ இதுவே இடையூறு. கடின விதைகள் மிகுந்தால் வயலில் பயிர் சீராக எழாமல் இடைவெளி விழும்.

விதையுறையின் அமைப்பு

முதிர்ந்த பயற்றின் உறை பல அடுக்குகளால் ஆனது.

* மெழுகும் கியூட்டினும் கலந்த மெல்லிய வெளிப்படலம்.
* தூண்களை நெருக்கமாக நிறுத்தியது போன்ற, தடித்த சுவருடைய நீண்ட உயிரணுக்களின் அடுக்கு. இவை மேக்ரோஸ்கிளீரைடுகள் என்றும், இத்தாலிய அறிஞர் மார்செல்லோ மால்பீகியின் பெயரால் மால்பீகி உயிரணுக்கள் என்றும் அழைக்கப்படுகின்றன. நீரைத் தடுப்பதில் இவ்வடுக்கே முதன்மைப் பங்கு வகிக்கிறது.
* உடுக்கை வடிவம் கொண்ட ஆஸ்டியோஸ்கிளீரைடுகள்.
* இவற்றின் அடியில் மென்மையான பாரன்கைமா திசு.

விதை காயுடன் ஒட்டியிருந்த இடம் விதைத்தழும்பு எனப்படும். அதன் ஒரு பக்கத்தில் சூல்துளையும் மறுபக்கத்தில் வில்லை எனப்படும் சிறு பகுதியும் அமைந்துள்ளன. சில பயறு வகைகளில் விதைத்தழும்பு ஒருவழிக் கதவாகச் செயற்படுவதை நியூசிலாந்து ஆய்வாளர் ஹைட் 1954 ஆம் ஆண்டில் விளக்கினார். வெளிக்காற்று உலர்ந்திருக்கும்போது தழும்பின் பிளவு திறந்து, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது. காற்று ஈரமானதும் பிளவு மூடிக்கொள்கிறது. இதனால் விதை மேலும் மேலும் உலர்கிறதே தவிர, ஈரத்தைத் திரும்பப் பெறுவதில்லை.

வேதியியல்

உறையின் சுவர்களில் செல்லுலோசு, பெக்டின், காலோஸ், லிக்னின் போன்றவை உள்ளன. இவற்றோடு பீனால் சேர்மங்களும், அவற்றின் ஒரு வகையான டானின்களும் சேர்ந்திருக்கின்றன. டானின்களும் பிற நிறமிகளும் பயற்றின் கருமை, செம்மை, பழுப்பு நிறங்களுக்குக் காரணமாகின்றன.

விதை காயும்போது, காற்றிலுள்ள ஆக்சிசனின் உதவியால் கேட்டகால் ஆக்சிடேசு என்னும் நொதி பீனால்களைக் குயினோன்களாக மாற்றுகிறது. குயினோன்கள் ஒன்றோடொன்றும் சுவரிலுள்ள புரதங்களோடும் பிணைந்து, நீர் புகாத பொருளாக இறுகுகின்றன. இசுரேலைச் சேர்ந்த மார்பாக், மேயர் ஆகியோர் காட்டுப் பட்டாணியில் நடத்திய ஆய்வு (1974) இதற்குச் சான்றாகும். ஆக்சிசன் இல்லாத சூழலில் உலர்த்தப்பட்ட விதைகளின் உறை நீரை ஏற்றது. காற்றில் உலர்ந்த விதைகளின் உறை ஏற்கவில்லை. பயிரிடப்படும் பட்டாணியில் இந்நொதியின் செயல் மிகக் குறைவு.

மரபணுக்களுக்கும் இதில் பங்குண்டு. சோயா அவரையில் கடின உறையை உருவாக்கும் மரபணு ஒன்று 2015 ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்டது. அம்மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றமே பயிரிடப்படும் சோயாவின் உறை நீரை ஏற்கக் காரணமாயிற்று.

பயிராக்கமும் கொள்ளும்

மனிதர் விதைத்து அறுவடை செய்யத் தொடங்கியபின், உடனே முளைக்கும் விதைகளே அடுத்தடுத்த ஆண்டுகளில் பெருகின. இம்மாற்றம் தென்னிந்தியாவின் கொள்ளுப் பயிரில் நேரடியாக அளக்கப்பட்டுள்ளது. சார்லீன் மர்ஃபி, டோரியன் ஃபுல்லர் ஆகியோர் தொல்லியல் களங்களில் கிடைத்த கொள்ளு விதைகளைச் சிதைக்காமல், சின்க்ரோட்ரான் ஊடுகதிர்ப் படங்களின் மூலம் ஆராய்ந்து 2017 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அதன்படி கி.மு. 2000 முதல் கி.மு. 1200 வரையிலான காலத்தில் விதையுறை படிப்படியாக மெலிந்துள்ளது. இம்மாற்றம் ஒரே பாய்ச்சலில் நிகழவில்லை. பல நூற்றாண்டுகள் பிடித்தது.

போடிநாயக்கனூரும் ஏலமலைச் சரிவுகளும்

தேனி மாவட்டத்திலுள்ள போடிநாயக்கனூர், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலமலைப் பகுதிக்குக் கிழக்கே, மழை மறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. அடிவாரத்து மானாவாரி நிலங்கள் பெரிதும் வடகிழக்குப் பருவமழையைச் சார்ந்தவை. மொச்சை, துவரை, தட்டைப்பயறு, கொள்ளு போன்றவை இத்தகைய நிலங்களுக்கு உரிய பயிர்கள். குறுகிய மழைக்காலத்தில் முதல் ஈரத்திலேயே முளைக்காத விதை, பின்னர் முளைத்தாலும் முழுப் பயன் தருவதில்லை.

மலைமேல் விளையும் ஏலம் பயறு வகையன்று. இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும் அதன் விதைக்கும் கடினமான உறை உண்டு. ஏல நாற்றங்கால்களில் விதையின் வழுவழுப்பைக் கழுவி நீக்கியபின், 25 விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில் 10 நிமிடங்கள் வைத்து, நீரில் நன்கு கழுவி விதைப்பது பரிந்துரைக்கப்படும் முறையாகும். பயற்றுக்கும் ஏலத்துக்கும் உள்ள முக்கிய வேறுபாடு ஆயுளில் உள்ளது. கடினப் பயறு பல ஆண்டுகள் உயிருடன் கிடக்கும். ஏல விதையோ சேமிப்பில் முளைப்புத் திறனை விரைவில் இழப்பதால், எடுத்தவுடன் விதைக்கப்படுகிறது.

மிளகுக் கொடி படர நடப்படும் கல்யாண முருங்கை அவரைக் குடும்ப மரமாகும். அது பெரும்பாலும் கம்புகளை வெட்டி நட்டே வளர்க்கப்படுவதால், அங்கு விதை உறக்கம் ஒரு சிக்கலாவதில்லை.

உறக்கம் நீங்கும் விதம்

இயற்கையில் கோடைக் காலத்துப் பகல் வெப்பமும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறித் தாக்குவதால் வில்லைப் பகுதி தளர்ந்து நீர் புக வழி ஏற்படுகிறது. புல்வெளித் தீயின் வெப்பம், கால்நடைகளின் குடல் வழியே கடந்து செல்லுதல் ஆகியவையும் இதே விளைவைத் தரலாம்.

வேளாண்மையில் கையாளப்படும் முறைகள் பின்வருமாறு:

* செதுக்கீடு: விதையை மணலுடன் சேர்த்துத் தேய்த்து உறையைக் கீறுதல். பசுந்தாள் உரப் பயிரான கொழுஞ்சியின் விதைக்கு இது ஏற்றது.
* வெந்நீர்: கொழுஞ்சி விதையைக் கொதிநீரில் 2 முதல் 3 நிமிடங்கள் வைத்தல். வேலிமசால், சூபாபுல் ஆகியவற்றின் விதைகளுக்கு ஏறத்தாழ 80 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீர் பயன்படுகிறது. நேரம் மிகுந்தால் முளைக்கரு இறந்துவிடும்.
* அமிலம்: அடர் கந்தக அமிலத்தில் குறிப்பிட்ட நேரம் வைத்துக் கழுவுதல். இது ஆபத்தானது. பயிற்சி பெற்றோர் மட்டுமே செய்யத்தக்கது.

உறக்கம் குறைவதன் விளைவுகள்

உறக்கத்தை முழுவதும் நீக்குவதும் நன்மையன்று. அறுவடை நேரத்தில் மழை பெய்தால் பாசிப்பயறு செடியிலுள்ள நெற்றுக்குள்ளேயே முளைத்து வீணாகிறது. அறுவடைக்குப் பின் சில நாட்கள் மட்டும் நீடிக்கும் உறக்கம் இருந்தால் இவ்விழப்பைத் தவிர்க்கலாம் என்பதால், பயிர்ப் பெருக்கத்தில் அப்பண்பு தேடப்படுகிறது. டானின் குறைந்த வெள்ளை நிற விதைகள் பொதுவாக நீரை மிக விரைவாக உறிஞ்சுகின்றன. அப்போது உயிரணுச் சவ்வுகள் சேதமடைந்து சர்க்கரை முதலியவை கசிவதால், மண்ணிலுள்ள பூஞ்சைகள் எளிதில் தாக்குகின்றன. எனவே நீரை முற்றிலும் தடுக்காமல், மெதுவாக உள்ளே விடும் உறையே பயிருக்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* விதை முளைத்தல்
* அவரைக் குடும்பம்
* கொள்ளு
* ஏலம்
* போடிநாயக்கனூர்